கோழிக்கோட்டில் பிரியாணி தவிர பார்க்க ஒன்றும் இல்லையா?

மதுரை_டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் ஒரு வார இறுதிக்குக் கோழிக்கோடு போகலாம் என்று இருக்கிறோம். நான், வீட்டுக்காரர், என் அம்மா. பள்ளிக்கூடத்தில் வரலாறு எடுக்கிறேன். 1498, வாஸ்கோ ட காமா, கோழிக்கோடு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன், ஆனால் அந்த ஊரில் கால் வைத்ததில்லை. பழைய துறைமுகம் எப்படி இருந்தது என்பதற்கு அங்கே இன்றைக்கு ஏதாவது அடையாளம் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஆசை. அதோடு சாப்பாடு. அம்மா சுத்த சைவம், முட்டையும் சேர்க்க மாட்டார். எங்கள் இருவருக்கும் அந்தக் கட்டுப்பாடு இல்லை.

விசாரித்த இடத்தில் எல்லாம் "கொச்சிக்குப் போங்க, கோழிக்கோட்டில் பிரியாணி தவிர பார்க்க ஒன்றும் கிடையாது" என்கிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள். நிஜமா?

கொச்சி_பிரியன்

டீச்சர், உங்களிடம் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. பழைய துறைமுக நகரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் கொச்சிதான். மட்டாஞ்சேரியில் 1568-ல் கட்டிய யூத ஆலயம், சுவரெல்லாம் ராமாயண ஓவியம் தீட்டிய அரண்மனை, 1524-ல் இறந்த வாஸ்கோ ட காமாவை முதலில் புதைத்த தேவாலயம், சீன வலைகள் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. கோழிக்கோட்டில் அந்த ஊர் அரசரான சாமூதிரியின் அரண்மனை இல்லை, போர்த்துக்கீசியர் கோட்டை இல்லை. வாஸ்கோ ட காமா இறங்கியதாகச் சொல்லும் காப்பாட்டுக் கடற்கரையில் ஒரு கல் நட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய் ஏமாற வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

நொய்யல்_கரை

கொச்சி_பிரியன் சொன்ன ஒவ்வொரு தகவலும் சரி. முடிவோடுதான் எனக்கு உடன்பாடு இல்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கோட்டில் கோட்டை ஏன் இல்லை? அங்கே வெள்ளைக்காரன் நிலைக்க முடியவில்லை, அதுதான் காரணம். 1510 ஜனவரியில் போர்த்துக்கீசியரான அல்புகெர்க் கடற்படையோடு வந்து ஊரைக் கொளுத்தினார். கூட வந்த தளபதி கூட்டின்ஹோ சாமூதிரியின் ஆட்களிடம் உயிரை விட்டார், அல்புகெர்க் காயத்தோடு திரும்பினார். பிறகு உடன்படிக்கை செய்து ஒரு கோட்டை கட்டினார்கள். 1525-ல் தாங்களே விட்டுப் போனார்கள். தெற்கே சாலியத்தில் 1531-ல் இன்னொன்று கட்டினார்கள். 1571-ல் சாமூதிரி அதைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். கொச்சி ராஜா போர்த்துக்கீசியருக்கு இடம் கொடுத்தார், அதனால் அங்கே கட்டிடங்கள் நிற்கின்றன. கோழிக்கோட்டில் கோட்டை இல்லாத வெற்றிடமே ஒரு வரலாறு. வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல விஷயம் ஏது டீச்சர்?

அரண்மனை போனது வேறு கதை. 1766-ல் ஹைதர் அலி படையெடுத்து வந்தபோது சாமூதிரி அரண்மனைக்குத் தீ வைத்துத் தானும் அதில் மாண்டார். அரண்மனைக் குளமாக இருந்த மானாஞ்சிறை இன்றும் ஊர் நடுவில் இருக்கிறது. நகரத்துக்குக் குடிநீர் தந்த குளம் அது.

துறைமுகம் என்று நாம் மனதில் வைத்திருக்கிற படமும் அங்கே பொருந்தாது. கோழிக்கோடு எப்போதுமே திறந்த கடற்கரை. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போடும், சரக்கை வள்ளத்தில் ஏற்றி இறக்குவார்கள். மழைக்காலத்தில் வேலை நின்றுவிடும். இயற்கையான பாதுகாப்பே இல்லாத அந்தக் கரைக்கு அரபியும் சீனரும் குஜராத்தியும் ஏன் வந்தார்கள் என்பதுதான் கேள்வி. மிளகு ஒரு காரணம். ஆனால் மிளகு மலபார் முழுக்கக் கிடைத்தது. கோழிக்கோட்டில் சரக்கை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்ற பெயர் இருந்தது. சீனக் கடற்படைத் தலைவர் ஜெங் ஹேயின் கப்பலில் வந்த மா ஹுவான் இதை எழுதி வைத்திருக்கிறார்: விலை பேசி முடிந்ததும் இருதரப்பும் கைகோத்துக் கொள்வார்கள், அதன் பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் பேச்சு மாறாது. அந்தப் பேரத்தில் சீனர்களுக்கு எதிரே உட்கார்ந்தவர்களை அவர் செட்டிகள் என்கிறார். நம் ஊர் ஆட்களுக்கும் அந்தக் கரையில் பங்கு இருந்திருக்கிறது.

இப்போது கொச்சிக்குப் போகிற கப்பல் கோழிக்கோட்டுக்கு வருவதில்லை. 1928-ல் கொச்சியின் உள்துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் நுழைந்த பிறகு இங்கே படிப்படியாக வேலை குறைந்தது. கடற்கரையில் பழைய கடல்பாலத்தின் தூண்கள் துருவேறி நிற்பதைப் பார்ப்பீர்கள்.

அதனால் கட்டிடம் தேடிப் போனால் ஏமாற்றம்தான். கடைத்தெரு, பள்ளிவாசல், குளக்கரை, சாப்பாட்டு மேசை என்று தேடிப் போங்கள். அந்தத் துறைமுகம் அங்கேதான் உயிரோடு இருக்கிறது.

காயல்_கரையான்

நொய்யல்_கரை அண்ணன் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். எனக்குக் காயல்பட்டணம். எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கோழிக்கோடு என்றால் குற்றிச்சிறைதான், ஒரு குளத்தைச் சுற்றி அமைந்த பழைய முஸ்லிம் குடியிருப்பு. முதலில் அங்கே போங்கள்.

மிஷ்கால் பள்ளி என்று ஒரு பள்ளிவாசல். மினாரா கிடையாது, குவிமாடம் கிடையாது. ஓட்டுக்கூரை அடுக்கடுக்காக நான்கு நிலை ஏறும். பெரும்பகுதி மரம், அதற்கு நீலமும் பச்சையுமாக வண்ணம். தெரியாதவர்கள் பார்த்தால் கேரளத்துக் கோயில் என்றே நினைப்பார்கள். கட்டியது அந்தக் காலத்து ஆசாரிமார், அவர்களுக்குத் தெரிந்த வழியில் கட்டினார்கள். பணம் போட்டவர் நகுதா மிஷ்கால் என்ற கப்பல் முதலாளி. 1340-களில் இந்த ஊருக்கு வந்த பயணி இப்னு பதூதா மிஷ்காலின் பெயரைச் சொல்லி, சீனா, ஏமன், பாரசீகம் வரை அவர் கப்பல்கள் ஓடின என்று எழுதியிருக்கிறார். 1510-ல் ஊரைக் கொளுத்தியபோது இந்தப் பள்ளியும் எரிந்தது. அண்ணன் சொன்னாரே, 1571-ல் சாலியம் கோட்டையை இடித்தார்கள் என்று, அந்தக் கோட்டையின் மரத்தைக் கொண்டுவந்துதான் இதைச் செப்பனிட்டார்கள். கோட்டை எங்கே என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பள்ளியைத்தான்.

பக்கத்தில் முச்சுந்திப் பள்ளி. அங்கே 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, ஒரே கல்லில் அரபியும் வட்டெழுத்தும். பள்ளிக்கு அரசர் கொடுத்த மானியத்தைச் சொல்கிறது. பாண்டிய நாட்டில் நாம் பார்க்கிற அதே வட்டெழுத்துதான். டீச்சருக்குப் பிடிக்கும்.

வெள்ளிக்கிழமை நண்பகலிலும் தொழுகை நேரத்திலும் போக வேண்டாம். மற்ற நேரத்தில் பள்ளி ஆட்களிடம் கேளுங்கள், உள்ளே அனுமதிப்பது அவர்கள் முடிவு. வெளியிலிருந்து பார்த்தாலும் குறையில்லை, பள்ளியின் அழகு முழுக்க குளத்துக்கு எதிர்க்கரையில் நின்றால்தான் தெரியும். சாயங்காலம் ஊர்ப் பெரியவர்கள் குளக்கரைத் திண்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மாவும் அங்கே வசதியாக உட்காரலாம்.

குளத்தைச் சுற்றியுள்ள பெரிய தறவாட்டு (கூட்டுக் குடும்ப) வீடுகளைக் கவனியுங்கள். கோயா எனப்படும் முஸ்லிம் குடும்பங்கள். அங்கே பெண் கல்யாணமாகி மாமியார் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் காயலிலும் அப்படியே. அந்த வீடுகளில் ஒவ்வொரு மகளுக்கும் கல்யாணத்தின்போது தனி அறை ஒதுக்குவார்கள். வீட்டுக்கு வரும் புதுமாப்பிள்ளைக்கு நாள் கணக்கில் விருந்து நடக்கும், ஒவ்வொரு வேளையும் புதுப் பண்டம். கோழிக்கோட்டுச் சாப்பாட்டின் வேர் ஹோட்டலில் இல்லை, இந்த வீடுகளின் அடுப்படியில் இருக்கிறது. உன்னக்காய், சட்டிப்பத்திரி, முட்டைமாலை எல்லாம் மாப்பிள்ளையை உபசரிக்கப் பெண்கள் உண்டாக்கியவை.

நடக்காவு_வாசி

நான் வேலை மாற்றலில் வந்து இங்கேயே தங்கிவிட்ட திருச்சிக்காரி. காயல் தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. சாப்பாட்டு விஷயத்தை நான் எழுதுகிறேன்.

முதலில் அம்மாவுக்கு. மதியத்துக்கு வாழையிலைச் சாப்பாடு நல்ல கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். சிவப்பு மட்டை அரிசி பழக்கமில்லை என்றால் பச்சரிசிச் சோறு கேட்கலாம், பெரும்பாலும் இரண்டும் வைத்திருப்பார்கள். சமையல் தேங்காய் எண்ணெயில். தளிக் கோயில் பக்கம் தமிழ்ப் பிராமணர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள், அந்தச் சுற்றுவட்டாரத்தில் அம்மாவுக்கு ஏற்ற சாப்பாடு கிடைக்கும்.

கவனமாக இருக்க வேண்டியது பலகாரத்தில்தான். கண்ணாடிப் பெட்டியில் இனிப்பு என்று அடுக்கி வைத்திருப்பதில் பாதிக்கு மேல் முட்டை சேர்ந்தது. உன்னக்காய் என்பது வேகவைத்த நேந்திரம்பழத்தை மசித்து, உள்ளே பூரணம் வைத்துப் பொரிப்பது. சில வீட்டில் தேங்காய், முந்திரி மட்டும் வைப்பார்கள், சில இடத்தில் முட்டையும் கிளறி வைப்பார்கள். காய்ப்போளை, சட்டிப்பத்திரி, முட்டைமாலை எல்லாவற்றிலும் முட்டை நிச்சயம். பழம்பொரி, நேந்திரங்காய் வறுவல், அல்வா மூன்றையும் அம்மா நம்பிச் சாப்பிடலாம். எதற்கும் ஒரு வார்த்தை "முட்டை உண்டோ?" என்று கேட்டுவிடுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.

உங்கள் இருவருக்கும் அரிக்கடுக்கையைப் பரிந்துரைக்கிறேன். கல்லும்மக்காயை (ஒரு வகைக் கடல் சிப்பி) ஓட்டோடு பிளந்து, அரிசி, தேங்காய், சோம்பு அரைத்த மாவை உள்ளே அடைத்து வேகவைத்து, அப்புறம் ஓட்டை நீக்கி மசாலா புரட்டிப் பொரிப்பார்கள். சாயங்காலச் சிற்றுண்டி. கடித்தால் முதலில் மசாலா, அடுத்து மாவு, கடைசியாகக் கடல் வாசனை. நம் ஊரில் இதற்கு இணை எதுவும் இல்லை. கான்வென்ட் கிராஸ் ரோட்டில் ஸெயின்ஸ் (Zain's) ஹோட்டல் மாப்பிளை (மலபார் முஸ்லிம்) பலகாரத்துக்குப் பேர் போனது. பாரகன் 1939-லிருந்து கண்ணூர் ரோட்டு மேம்பாலத்துக்கு அடியில் இருக்கிறது, மீன் மாங்காய்க் கறிக்கும் ஆப்பத்துக்கும் அங்கே போகலாம். கூட்டம் எப்போதும் இருக்கும், மதியம் பன்னிரண்டுக்கே போய்விடுங்கள். மாட்டிறைச்சி பிரியாணி சாப்பிடுகிறவர்களுக்கு ரஹ்மத்.

கடற்கரையில் உப்பிலிட்டது என்று கண்ணாடி ஜாடிகளை அடுக்கி வைத்திருப்பார்கள். நெல்லிக்காய், மாங்காய், அன்னாசி, காரட் எல்லாம் உப்புநீரில் ஊறியது. அம்மா அதையும் சாப்பிடலாம்.

சீரகசம்பா

பிரியாணி பற்றி ஒரே ஒரு கருத்து. நான் திண்டுக்கல். பேர் கேட்டுவிட்டு ஆசையாகப் போனேன், எனக்கு அது பிரியாணியாகவே தோன்றவில்லை. காரம் இல்லை, சோற்றில் மசாலா இறங்கவில்லை, நடுநடுவே உலர்திராட்சை. டீச்சரும் மதுரைக்காரர் என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

நடக்காவு_வாசி

> காரம் இல்லை, சோற்றில் மசாலா இறங்கவில்லை

சகோதரரே, அது இறங்கக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். திண்டுக்கல்லில் கறி வேகும் மசாலாவிலேயே அரிசியைப் போட்டு வேகவிடுகிறோம். இங்கே கைமா அரிசியை நெய்யில் வதக்கித் தனியாக நெய்ச்சோறு ஆக்குவார்கள். கறியை இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், தயிரோடு தனியாகச் சமைப்பார்கள். மிளகாய்த்தூள் பெரிதாகக் கிடையாது. பிறகு இரண்டையும் அடுக்கி, பொரித்த வெங்காயம், முந்திரி, திராட்சை தூவி, மூடியை மாவால் அடைத்து மேலேயும் கீழேயும் தணல் வைத்துத் தம் போடுவார்கள். சோறு வெள்ளையாகவே வரும். கறியைக் கொஞ்சம், சோற்றைக் கொஞ்சம் என்று தட்டில் நாமே கலந்து சாப்பிட வேண்டும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சம்மந்தி (சட்னி), பேரீச்சம்பழ ஊறுகாய், பப்படம். தயிர்வெங்காயத்தோடு அந்தப் பேரீச்சம்பழ ஊறுகாயை விட்டுவிடாதீர்கள், பிரியாணியின் பாதி ருசி அதில்தான். கடைசியில் சுலைமானி. ஏலக்காய், எலுமிச்சை சேர்த்த கட்டன்சாயா (பால் இல்லாத தேநீர்).

சீரகசம்பாவை விரும்புகிறவருக்குக் கைமா பிடிக்காமல் போகாது. இரண்டுமே குட்டை அரிசி, இரண்டுக்கும் சொந்த வாசனை உண்டு. பாசுமதிக்காரர்களிடம் நாம் இருவரும் ஒரே கட்சி.

சீரகசம்பா

தனித்தனியாக வைத்துக் கலக்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது விஷயம் புரிகிறது. ஆனாலும் எங்கள் ஊர் மிளகுக் காரம் இல்லாமல் எனக்கு நிறைவு வராது, அதை மாற்றிக்கொள்ளப் போவதில்லை. மிளகு விற்று உலகப் புகழ் பெற்ற ஊரில் மிளகு குறைவாகப் போடுகிறார்களே என்பது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம்.

நொய்யல்_கரை

அந்த ஆச்சரியத்துக்குக் கடைத்தெருவில் பதில் இருக்கிறது. காலையில் எட்டு மணிக்குள் வலியங்காடிக்குப் போங்கள். பாளையம் பக்கத்திலிருந்து கடற்கரையை நோக்கிப் போகிற தெரு. அரிசி, கொப்பரை, சுக்கு, மிளகு மொத்த வியாபாரம். சுமை இறக்குகிறவர்கள் ஓடிக்கொண்டே இருப்பார்கள், ஓரமாக நடங்கள், வழியை மறித்து நின்று படம் எடுக்காதீர்கள். கடலில் கப்பல் இல்லாமல் போனாலும் அந்தத் தெருவின் ஓட்டம் நிற்கவில்லை. கடற்கரைப் பக்கம் திரும்பினால் குஜராத்தி தெரு. பழைய கிடங்குகள், மரப்படிக்கட்டு வீடுகள். கட்ச், சௌராஷ்டிரப் பக்கத்திலிருந்து வந்து தலைமுறையாகத் தங்கியவர்கள். அவர்களுக்கென்று கோயில், சமணருக்குத் தனிக் கோயில். மிட்டாய்த் தெருவில் பார்சிகளின் தீக்கோயில் இருக்கிறது, நெரிசலில் பலர் பார்க்காமலே கடந்துவிடுவார்கள்.

மிட்டாய்த் தெருவில் பகலில் பெரும்பாலான நேரம் வண்டி விடுவதில்லை, அம்மாவோடு நிதானமாக நடக்கலாம். அல்வா வாங்குவதற்கு முன் துண்டு வெட்டி ருசிபார்க்கக் கொடுப்பார்கள். நம் திருநெல்வேலி அல்வாவை எதிர்பார்க்காதீர்கள். அது நெய்யில் நழுவும். இது மைதாப் பாலில் தேங்காய் எண்ணெய் விட்டுக் கிண்டியது, கத்தியில் வெட்டி அடுக்கலாம். வண்ண வண்ணமாக இருப்பதை எல்லாம் தாண்டி, வெல்லம் போட்ட கருப்பு அல்வாவைக் கேட்டு வாங்குங்கள்.

காயல்_கரையான்

கருப்பு அல்வாவை வாயில் போட்டால் கீழக்கரைத் தொதல் ஞாபகம் வரும் எனக்கு. அரிசிமாவு, தேங்காய், வெல்லம், மணிக்கணக்கில் கிண்டுகிற கை. தொதல் இலங்கையிலும் மலாய் நாட்டிலும் உண்டு. கப்பல்காரர்கள் போன வழியெல்லாம் இந்த மாதிரிப் பண்டங்கள் இருக்கின்றன.

கொச்சி_பிரியன்

நல்ல தகவல்கள், நன்றி. குற்றிச்சிறை பற்றி இவ்வளவு எனக்குத் தெரியாது. ஒரு கேள்வி. முட்டைமாலை போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது என்று கேள்விப்பட்டேன். அப்படியானால் போர்த்துக்கீசியர் தடயம் கோழிக்கோட்டில் இல்லை என்ற வாதம் நிற்காதே?

நொய்யல்_கரை

மஞ்சள்கருவைச் சர்க்கரைப் பாகில் நூல்நூலாக ஊற்றி எடுப்பது போர்த்துக்கல்லில் பழைய இனிப்பு. அவர்கள் போன தாய்லாந்திலும் அதே பண்டம் உண்டு. அதனால் உங்கள் ஊகத்தில் நியாயம் இருக்கிறது. கோட்டை நிலைக்கவில்லை, பண்டம் நிலைத்தது. ஆனால் மிஞ்சுகிற வெள்ளைக்கருவை வீணாக்காமல் ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டு, அந்த மாலைக்கு அடியில் வைத்துப் பரிமாறுகிறார்களே, அதைப் பிஞ்ஞாணத்தப்பம் என்பார்கள், அது மாப்பிளை வீட்டுப் பெண்களின் கெட்டிக்காரத்தனம். சண்டை போட்ட எதிரியின் இனிப்பையும் தன் வீட்டு விருந்தாக்கிக்கொண்ட ஊர் என்றால் எனக்கு இன்னும் மரியாதைதான் கூடுகிறது.

மதுரை_டீச்சர்

படித்துக்கொண்டே இருக்கிறேன், எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். இரண்டு கேள்விகள். காப்பாடு போக வேண்டுமா, வேண்டாமா? தளிக் கோயிலுக்கு அம்மா ஆசைப்படுகிறார், அங்கே வரலாற்றுச் சிறப்பு ஏதும் உண்டா?

நொய்யல்_கரை

காப்பாடு வடக்கே சுமார் 16 கி.மீ. நல்ல சுத்தமான கரை, 2020-ல் நீலக்கொடிச் சான்றிதழ் கிடைத்தது. பாறைகளும் காற்றும் அருமையாக இருக்கும். வரலாற்றுக்காக என்றால் அந்தக் கல்லைத் தவிர வேறில்லை. கரையோரம் வந்து நின்ற வாஸ்கோ ட காமாவின் கப்பல்களைப் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் வடக்கே பந்தலாயினிக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஆகவே "இங்கேதான் இறங்கினார்" என்ற வாசகத்தைப் பற்றி விவாதம் உண்டு.

ஆனால் வகுப்புக்கு ஒன்று எடுத்துப் போங்கள். கப்பலிலிருந்து முதலில் கரைக்கு அனுப்பியது ஒரு குற்றவாளியை. அவரை ஊர்க்காரர்கள் துனிசியாக்காரர் இருவரிடம் அழைத்துப் போனார்கள், அந்த இருவர் ஸ்பானிய மொழியிலேயே "நீ எதற்கு இங்கே வந்தாய்" என்று கேட்டார்கள். ஐரோப்பாவிலிருந்து கடல்வழி "கண்டுபிடித்து" வந்தவர்களை ஐரோப்பிய மொழியிலேயே வரவேற்க இங்கே ஆள் இருந்தது! சாமூதிரிக்குக் கொடுக்க வாஸ்கோ ட காமா எடுத்துவைத்த பரிசு என்ன தெரியுமா? துணி, தொப்பி, பவளம், கைகழுவும் பாத்திரம், சர்க்கரை, எண்ணெய், தேன். அதைப் பார்த்து அரசரின் ஆட்கள் சிரித்துவிட்டார்கள், மக்காவிலிருந்து வரும் ஏழை வியாபாரிகூட இதைவிட அதிகம் கொடுப்பான் என்று. இது அந்தப் பயணத்தில் வந்தவரே எழுதிய குறிப்பில் இருக்கிறது. 1498-க்கு முன்னாலேயே உலகம் கோழிக்கோட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. பாடப்புத்தகத்தில் நாம் ஆரம்பிக்கிற இடம் அந்த ஊருக்கு நடுக்கதை.

அதனால் நேரம் இருந்தால் காப்பாடு, இல்லையென்றால் அதை விட்டுவிட்டு பேப்பூர். அதைப் பற்றி இங்கே வேறு யாராவது எழுதுவார்கள் என்று நினைக்கிறேன்.

தளி: சிவன் கோயில். சாமூதிரிகள் ரேவதி பட்டத்தானம் என்று துலா மாதத்தில் வித்வான்களைக் கூட்டி வாதம் நடத்திப் பரிசு கொடுத்த இடம். 15ஆம் நூற்றாண்டில் அந்தச் சபையில் வென்று பெயர் பெற்ற உத்தண்ட சாஸ்திரி நம் காஞ்சிபுரத்துப் பக்கத்துக்காரர். இதை அம்மாவிடம் சொல்லுங்கள். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடுதான் உள்ளே போக முடியும், வீட்டுக்காரரை ஒரு வேட்டி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

தூத்துக்குடி_தோணி

பேப்பூரைப் பற்றி நான் எழுதுகிறேன், எங்கள் குடும்பத்துக்குத் தோணித் தொழில் தெரியும். ஊரிலிருந்து தெற்கே பத்து கி.மீ. சாலியாறு கடலில் சேரும் இடம். அங்கே உரு கட்டுகிறார்கள். மரக்கப்பல். தேக்கு நிலம்பூர்க் காட்டிலிருந்து ஆற்றோடு மிதந்து வந்த காலத்தில் ஆரம்பித்த தொழில். காகிதத்தில் வரைபடம் கிடையாது, மூத்த ஆசாரியின் மனக்கணக்குதான். எங்கள் ஊர்த் தோணி கட்டுகிறவர்களும் அப்படித்தான், ஆனால் பேப்பூர் உருவின் உயரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும்போது தொழில் தெரிந்தவனுக்கே நெஞ்சு விம்மும். இப்போது வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வளைகுடா நாட்டுக்காரர்கள். வேலை எப்போதும் நடக்கும் என்று சொல்ல முடியாது, ஆர்டர் வந்தால்தான். கிளம்பும் முன் உள்ளூரில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

கட்டி முடித்த உருவைத் தண்ணீரில் இறக்குகிறவர்கள் கலாசிகள். கப்பியும் கயிறும் உருளைக்கட்டையும்தான் அவர்கள் கருவி, பாட்டுப் பாடிக்கொண்டே நகர்த்துவார்கள். 1988-ல் பெருமண் ரயில் விபத்தில் பெட்டிகள் அஷ்டமுடிக் காயலில் விழுந்தபோது அவற்றை வெளியே இழுத்தவர்கள் இந்தக் கலாசிகள். துறைமுக ஊர் என்று கட்டிடத்தைப் பற்றிப் பேசுகிறோம், இந்தத் தொழில் அறிவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த தலைமுறை இதற்கு வருவதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். போய்ப் பாருங்கள் டீச்சர், பார்த்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பேப்பூரிலிருந்து சாலியத்துக்கு ஜங்கார் படகில் ஆற்றைக் கடக்கலாம். அக்கரையில்தான் 1571-ல் இடித்த கோட்டை இருந்தது. வைக்கம் முகம்மது பஷீர் வாழ்ந்த வீடும் பேப்பூரில்தான்.

நடக்காவு_வாசி

போக்குவரத்தையும் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து கோவைக்கு வந்து, அங்கிருந்து மங்களூர் போகும் ரயில் பிடிப்பது சுலபம். பாலக்காட்டுக் கணவாய், ஷொறணூர் தாண்டினால் பாரதப்புழை கூடவே வரும், பகல் ரயிலாகப் பார்த்து ஏறுங்கள். ஊருக்குள் ஆட்டோதான் நல்லது. மீட்டர் போடுவார்கள், மீதிச் சில்லறையைக் கேட்காமலே எண்ணிக் கொடுப்பார்கள். கோழிக்கோட்டு ஆட்டோக்காரர்களின் நேர்மையைக் கேரளம் முழுக்கச் சொல்வார்கள், இங்கே இருந்து பார்த்து நானும் சொல்கிறேன்.

தை மாதம் நல்ல பருவம். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: ஜூன் 9 இரவிலிருந்து ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, மீனுக்காக வருகிறவர்கள் அப்போது வர வேண்டாம். ரமலான் மாதத்தில் பகலில் பல கடைகள் மூடியிருக்கும், ஆனால் நோன்பு திறந்த பிறகு குற்றிச்சிறைப் பக்கம் இரவெல்லாம் பலகாரம். கூட்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடிந்தவர்கள் அதற்காகவே வரலாம்.

மதுரை_டீச்சர்

முடிவு செய்துவிட்டோம், கோழிக்கோடுதான். சனிக்கிழமை காலையில் வலியங்காடி, குஜராத்தி தெரு. வெயில் ஏறும் முன் தளிக்குப் போய்விட்டு அந்தப் பக்கமே அம்மாவுக்குச் சாப்பாடு. சாயங்காலம் குற்றிச்சிறைக் குளக்கரை, அதன் பின் கடற்கரை. ஞாயிறு பேப்பூர், திரும்பும் வழியில் மிட்டாய்த் தெரு. காப்பாட்டை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். சீரகசம்பா அவர்களுக்கு: பிரியாணியைக் கலந்து சாப்பிட்டுப் பார்த்துவிட்டு என் அபிப்பிராயத்தை இங்கேயே எழுதுகிறேன்.

அரிக்கடுக்கை காலையில் கிடைக்குமா? ஞாயிறு மதியமே ரயில் ஏற வேண்டியிருக்கும்.

நடக்காவு_வாசி

காலையில் கிடைப்பது அரிது. நாலு மணிக்கு மேல்தான் சூடாகப் போடுவார்கள், அதனால் சனிக்கிழமை குற்றிச்சிறைக்குப் போகும் வழியில் சாப்பிட்டுவிடுங்கள். ஞாயிறு மதியம் ரயில் என்றால் மிட்டாய்த் தெருவைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், ஞாயிறன்று பல கடைகள் திறக்க நேரமாகும்.

காயல்_கரையான்

டீச்சர், குற்றிச்சிறையில் உங்கள் வீட்டுக்காரரிடம் யாராவது பேச்சுக் கொடுத்தால் தமிழிலேயே பதில் சொல்லச் சொல்லுங்கள். நாம் நிறுத்திப் பேசினால் அவர்களுக்கு நன்றாகப் புரியும்.

மதுரை_டீச்சர்

சரி தம்பி, சொல்லிவிட்டேன். மிட்டாய்த் தெருவையும் சனிக்கிழமைக்கு மாற்றியாயிற்று. டிக்கெட் போட உட்கார்கிறேன்.